பெரியவளானால் மிஷின் வேண்டாமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கப் போகிறேன். கணவர் இலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். அவர் எனக்குச் சொந்த அத்தை மகன். எங்கள் மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வயதில்தான் அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு காதிலும் 75 டெசிபல் இழப்பு என்று சொல்லி மிஷின் கொடுத்தார்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள், மீதியைக் கையால் காட்டுகிறாள். போன மாதம் என் அக்கா மகள் வந்திருந்தபோது அவளைக் காட்டி, “நான் பெரிசானா அக்கா மாதிரி மிஷின் வேணாம்ல?” என்று கேட்டாள். நான் “ஆமா” என்று சொல்லிவிட்டேன். இப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பம். “பாப்பாவுக்கும் மிஷின் வாங்குவோமா?” என்றும் கேட்கிறாள். குழந்தையிடம் ஒன்றும் சொல்லாதே, மனசு ஒடிந்துவிடும் என்கிறார் அத்தை. கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்றும் சொல்கிறார். இதற்கிடையில் பள்ளியில் மிஷினைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். அவளிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டது உங்களைத் திடுக்கிட வைத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. காது கேளாத குழந்தைகளோடு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பழகிய கேள்வி. ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் பல குழந்தைகள் ஏதோ ஒரு வடிவில் அதைக் கேட்டுவிடுகிறார்கள், கேட்பதற்கு மொழி போதாதவர்கள் தாங்களாகவே ஒரு பதிலை மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அவள் இடத்திலிருந்து பாருங்கள். அப்பா, அம்மா, பாட்டி, டீச்சர், இலை நிறுக்கும் கணக்கப்பிள்ளை, பஸ் கண்டக்டர் என்று அவளுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் காதிலும் மிஷின் இல்லை. பால் பல் விழுந்து வேறு பல் முளைப்பதைத் தன் வாயிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் வயது அவளுக்கு. வளர்ந்தால் மிஷினும் போய்விடும் என்பது, கண்ணால் கண்டதை வைத்து அவள் ஒழுங்காகப் போட்ட கணக்கு. விடை மட்டும் தவறிவிட்டது. காது கேளாத பெரியவர் எவரையும் பார்க்காமலே வளரும் குழந்தைகளில் சிலர் இதைவிடக் கடுமையான முடிவுக்கும் வருவதுண்டு. தன்னைப் போன்ற பெரியவர்கள் கண்ணில் படாததால், தன்னைப் போன்றவர்கள் பெரியவர்கள் ஆகும் முன்பே இறந்துபோவார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எந்தப் பெற்றோரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. யாரும் எதுவும் சொல்லாத வீட்டில் தானாக வந்து சேரும் எண்ணம் இது.

ஆகையால் உங்கள் அத்தையின் அச்சத்தைப் புரிந்துகொண்டாலும் அவர் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. தனக்குக் கேட்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை யாரும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. அவளுக்குத் தெரியாதவை இரண்டுதான். இது எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்பது ஒன்று. இப்படி இருந்துகொண்டே படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, கிழவியாகவும் ஆகலாம் என்பது மற்றொன்று. முதலாவதை மறைத்தால் இரண்டாவதைச் சொல்ல வாசலே இல்லாமல் போகிறது. ஏழு வயதில் உங்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதைப் பன்னிரண்டு வயதில் வேறு யாருடைய வாயசைவிலிருந்தோ அவள் தெரிந்துகொண்டால், அன்றைக்கு அம்மா சொன்னது பொய் என்பதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

நீங்கள் “ஆமா” என்று சொன்னதைப் பெருங்குற்றமாக எண்ணி வருந்த வேண்டாம். எதிர்பாராத நேரத்தில் குழந்தை கேட்டால் யாருக்கும் வாயில் வருவது அதுதான். ஆனால் அதைத் திருத்த வேண்டும், அதுவும் இந்த மாதத்துக்குள். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, கையில் வேலை எதுவும் இல்லாமல் பேச்சைத் தொடங்குங்கள். “அன்னைக்கு நீ கேட்டே, பெரிசானா மிஷின் வேணாம்லன்னு. அம்மா ஆமான்னு சொன்னேன். அது தப்பு. பெரிசானாலும் உன் காது இப்படித்தான் இருக்கும். அப்பவும் மிஷின் வேணும்.” ஒரு வாக்கியம் சொன்னதும் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து, புரிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். அவளுக்குப் பேச்சு மட்டும் போதாது என்பதால் நான்கு தாளில் நான்கு படம் வரைந்துகொள்வது நல்லது. இப்போது இருக்கிற அவள், பத்தாம் வகுப்புப் போகிற அவள், சேலை கட்டிய அவள், நரைத்த முடியோடு பாட்டியான அவள். படத்தை நீங்கள் எப்படிக் கிறுக்கினாலும் பரவாயில்லை, நான்கிலும் காதில் மிஷினை அவள் கையாலேயே வரையச் சொல்லுங்கள். மூன்றாவது படத்தில் பென்சிலை வைக்கும்போது சில குழந்தைகள் நின்று நம்மை நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த இடத்தில் தலையை அசைத்து “ஆமா, இங்கேயும்” என்று சொல்லிவிட்டால், நீங்கள் சொல்ல வந்தது அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏன் சரியாகாது என்று அவள் கேட்பாள். உள்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருந்து ஒலியை நரம்புக்குக் கடத்துகின்றன. பிறவியிலேயே காது கேளாத பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறை அந்த இடத்தில்தான் இருக்கிறது. கோழிக்கும் மீனுக்கும் அந்தச் செல்கள் மறுபடி வளரும், மனிதனுக்கு வளர்வதில்லை. எஸ்டேட் பிள்ளைக்கு இதைச் சொல்வது சுலபம். நீங்கள் பறித்த கொழுந்து பத்துப் பதினைந்து நாளில் திரும்பத் தளிர்ப்பதை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். காதுக்குள் இருப்பது அப்படித் தளிர்க்காது, அதனால்தான் மிஷின் என்று செடியைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

அவள் அழலாம். அழுதால் உடனே மிட்டாய் வாங்கித் தரவோ, செல்போனைக் கையில் கொடுக்கவோ, “உன்னை மாதிரி இருந்தவங்க எவ்வளவோ சாதிச்சிருக்காங்க” என்று பட்டியல் போடவோ வேண்டாம். அழுகை நின்றதும் அவளே விளையாடப் போய்விடுவாள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பாள். பதில் மாறுகிறதா என்று பார்ப்பதற்காகவே கேட்பாள். மாறாமல் சொல்லுங்கள். அப்பாவும் பாட்டியும் அதே பதிலைச் சொல்ல வேண்டும் என்பதால், அவளிடம் பேசுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்கள் மூவரும் பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு மலைப்பகுதிக்கே உரிய காரணமும் உண்டு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நின்றால் மற்றப் பிள்ளைகள் செடி முறியும் சத்தத்திலோ, மேலே இருந்து யாராவது போடும் கூச்சலிலோ நின்றுவிடுவார்கள். வளைவில் திரும்பும் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு, நடப்பவர் ஒதுங்கியிருப்பார் என்று நம்பி வண்டியைத் திருப்புவார். உங்கள் கணவரும் அப்படித்தான் ஓட்டுவார். “பெரிசானா கேக்கும்” என்று நம்பிக்கொண்டிருக்கும் குழந்தை, இன்றைக்குக் கேட்காததை ஒரு தற்காலிகத் தொல்லையாகத்தான் எடுத்துக்கொள்ளும். “இந்தச் சத்தம் என் காதுக்கு வராது, நான் திரும்பிப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்” என்று தெரிந்த குழந்தை ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்க்கும். தன் காதின் எல்லை எதுவென்று தெரிந்திருப்பது அவளுக்கு உயிர்ப் பாதுகாப்பு.

அந்த எல்லையை அவளே கண்டுபிடிக்கட்டும். இதற்கு நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்து, மிஷின் இல்லாமலே கேட்பது, மிஷின் போட்டால் கேட்பது, போட்டாலும் கேட்காதது என்று தலைப்பிட்டுக் கொடுங்கள். அப்பாவின் பிக்கப் ஹாரனைப் பக்கத்தில் நின்று கேட்டுப் பார்க்கட்டும், பிறகு லைன் வீட்டு வாசலில் நின்று கேட்டுப் பார்க்கட்டும். தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு, குக்கர் விசில், தகரக் கூரையில் மழை, நாய் குரைப்பது, பின்னாலிருந்து பாட்டி கூப்பிடுவது, கொசு என்று ஒவ்வொன்றையும் மிஷினைக் கழற்றி ஒரு முறை, போட்டு ஒரு முறை சோதித்து, படம் வரைந்து, அந்தந்தக் கட்டத்தில் ஒட்டட்டும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். அவளுக்கு 75க்கு மேல்தான் காதில் விழும் என்பதால் மிஷின் இல்லாமல் பேச்சு அவளைச் சேராது, கிட்டத்தில் அடிக்கும் ஹாரன் சேரும். இந்தக் கணக்கு அவளுக்கு இப்போது வேண்டாம். எட்டு ஒன்பது வயதில் அவளுடைய ஆடியோகிராமை (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்து விரித்து, இந்த நோட்டில் உள்ள படங்களை அதில் எங்கெங்கே வைக்கலாம் என்று காட்டினால் தானே புரிந்துகொள்வாள். சளி பிடித்த நாளில் அதே சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். நடுக்காதில் நீர் கோத்தால் இருக்கிற கேட்கும் திறனும் குறையும். மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும்போது காது அடைப்பதும் சேர்ந்துகொண்டால் அன்று முழுவதும் அவளுக்கு ஒன்றும் சரியாகக் கேட்காது. அதை அவளே கவனித்து “இன்னைக்குக் காது கம்மி” என்று டீச்சரிடம் சொல்லும் நிலை வந்தால், மருத்துவர் தரும் எந்தச் சான்றிதழைவிடவும் அது வகுப்பில் பயன்படும்.

இவ்வளவையும் பேச மொழி வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். நினைக்க வேண்டிய இடம் இதுதான். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று வீட்டார் நம்புவது பாதிக்கும் குறைவாகத்தான் உண்மை. பாலை, மாலை என்று ஒலி இல்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் உதடு ஒன்று போலவே மூடித் திறக்கும்; க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. ஆகவே அவள் பாதியைப் பார்க்கிறாள், பாதியை ஊகிக்கிறாள், நாள் முழுவதும் ஊகித்துக் களைத்துப்போகிறாள். கையால் காட்டுவதை நீங்கள் அடக்கவில்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது, அது பெரிய விஷயம். அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய் இந்திய சைகை மொழியை அவளும் நீங்களும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். புதுதில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் காணொளிகளாக இருக்கின்றன. செல்போனில் இலவசமாகப் பார்க்கலாம். சைகை கற்றால் பேச்சு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோத்தகிரிச் சந்தையில் ஒரே கடையில் தமிழும் படுக மொழியும் மலையாளமும் பேசப்படுகின்றன, அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோவதில்லை. ஒரு மொழி உறுதியாக இருந்தால் அதன் மேல் அடுத்தது ஏறும். எந்த மொழியும் முழுதாக இல்லாமல் இருப்பதுதான் காது கேளாத குழந்தைக்கு நேரும் உண்மையான கேடு.

மொழியோடு சேர்ந்தது இன்னொன்று. மழைக் காலத்தில் மாலை வேளையில் அடுப்படியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பேசிச் சிரிக்கும்போது, “என்ன, என்ன?” என்று அவள் உங்கள் கையைப் பிடித்து இழுப்பாள். பெரும்பாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில் “ஒண்ணுமில்ல” அல்லது “அப்புறம் சொல்றேன்.” அந்த அப்புறம் வருவதில்லை. பக்கத்து வீட்டில் ஏன் சண்டை, சித்தப்பா ஏன் கோபித்துக்கொண்டு போனார், பாட்டி ஏன் அழுகிறார் என்ற சின்னச் சின்னச் செய்திகளையெல்லாம் கேட்கும் குழந்தைகள் காதில் விழுந்தே தெரிந்துகொள்கிறார்கள். அவளுக்கு ஒவ்வொன்றையும் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற எதையும் சொல்லாத வீட்டில், காதைப் பற்றி மட்டும் ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னால் அது தண்டனை போலத்தான் அவளுக்குத் தோன்றும். ஆகவே இரண்டு வாக்கியத்திலாவது அப்போதைக்கப்போதே சொல்லிவிடுங்கள். கரண்ட் போனால் டார்ச்சை அவள் கண்ணுக்கு அடிக்காமல் உங்கள் முகத்துக்கும் கைக்கும் அடித்துக்கொள்ளுங்கள். இருட்டில் அவளுக்கு மொழியே அணைந்துவிடுகிறது என்பதை வீட்டில் உள்ள மற்றவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

பள்ளியில் மிஷினைக் கழற்றுவதை உடனே வெட்கம் என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் காது அச்சைப் பாருங்கள், அதாவது மிஷினில் காதுக்குள் பொருந்தும் பகுதியை. வளரும் குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அச்சு சின்னதாகிவிடும். காதின் உட்பக்கம் சிவந்திருந்தால் வலிக்காகக் கழற்றுகிறாள் என்று பொருள். அச்சு தளர்ந்திருந்தால், அதன் மேல் மங்கி குல்லாவை இழுத்து மாட்டியதும் மிஷின் ‘கீ’ என்று விசில் அடிக்கும். அது அவளுக்குக் கேட்காமல் இருக்கலாம், பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேட்கும், அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் இவள் மிஷினைக் கழற்றுவாள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் வீட்டுச் சூட்டிலிருந்து வெளியே வந்ததும் அச்சுக் குழாய்க்குள் நீர்த்துளி திரண்டு அடைத்துக்கொள்வதும் இங்கே அடிக்கடி நடப்பது. மிஷின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வராது. ரப்பர் பலூன் ஊதியால் குழாயை ஊதிவிடுங்கள். இரவில் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் மிஷினை வையுங்கள். இனி வகுப்பறையைப் பாருங்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் மிஷின் மழையைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும், டீச்சரின் குரல் அதில் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் அவள் கழற்றுவது புத்திசாலித்தனம் என்றுகூடச் சொல்வேன். இரண்டாவது வரிசையில், ஜன்னல் அவளுக்கு முதுகுப்புறம் இருக்கும்படி உட்கார வைத்தால் டீச்சரின் முகம் வெளிச்சத்தில் தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கழற்றினால், கேலி காரணமாக இருக்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை ஒருநாள் வகுப்புக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். அதைவிடச் சிறந்தது, அவளே தன் நோட்டைக் காட்டி, மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று வகுப்புக்குச் சொல்வது. ஒரு பழைய மிஷினைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை ஆளுக்கொரு முறை கேட்டுப் பார்க்க விட்டால் (ஒலியைக் குறைத்து வைக்கச் சிறப்பாசிரியர் உதவுவார்) இரண்டு நாளில் அதில் வேடிக்கை தீர்ந்துவிடும். “செவிடு” என்று கத்துபவனிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “எனக்குக் காது கேக்காது. என் முன்னாடி வந்து பேசு.” வீட்டில் அப்பாவோடு நடித்துப் பழகட்டும். தனக்குக் காது கேட்காது என்று தன் வாயால் சொல்லிப் பழகிய குழந்தையிடம் அந்த வசவு வெகுநாள் எடுபடாது.

அடுத்து, அவள் மிஷின் போட்ட பெரியவர்களையும் சைகையில் பேசும் பெரியவர்களையும் பார்க்க வேண்டும். படங்களில் காட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா, 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் 3 தங்கம் வென்றவர். சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் 2023 செப்டம்பரில் சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்ற விசாரணையில் பங்கேற்றார். ஆனால் சாதனையாளர்களை மட்டும் காட்டினால், தங்கம் வாங்கினால்தான் பெரியவளாக முடியும் போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அவளுக்கு அதிகம் தேவைப்படுவது தையல் தைக்கிற, ஆபீஸ் போகிற, பிள்ளை பெற்ற, சந்தையில் பேரம் பேசுகிற ஒரு சாதாரண காது கேளாத அக்கா. உதகையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அடையாள அட்டை வேலையாகப் போகும்போது, இங்கே காது கேளாத பெரியவர்களின் குழு எங்கே கூடுகிறது என்று கேளுங்கள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு அவளை அழைத்துப் போங்கள். அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரியாமல் நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருக்க நேரும். அது நல்லதுதான், அவள் தினமும் உட்கார்ந்திருக்கும் இடம் அது.

காக்ளியர் இம்ப்ளாண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் உறவினர் யாராவது சொல்லியிருப்பார்கள். அது உள்காது நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலியை உணர வைக்கும் கருவி. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் இளம் வயதில் செய்தால்தான் பலன் அதிகம் என்பதால்தான் அரசுத் திட்டங்களிலும் வயது வரம்பு இருக்கிறது. உங்கள் மகளுக்கு மிஷினே பலன் தருகிறது. இம்ப்ளாண்ட் பற்றிய முடிவை அவளைப் பரிசோதித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறுவை சிகிச்சை செய்த குழந்தையும் வெளிக்கருவியைக் கழற்றினால் காது கேளாத குழந்தைதான். நான் இங்கே எழுதியது அத்தனையும் அந்தக் குழந்தைக்கும் பொருந்தும்.

இனி வரப்போகும் பாப்பா. “பாப்பாவுக்கும் மிஷின் வாங்குவோமா?” என்று அவள் கேட்டதில் உங்களுக்குப் பயம் தெரிந்திருக்கலாம், அவள் ஆசையோடு கேட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டில் தன்னைப் போல் இன்னொருவர் வேண்டும் என்று அவள் விரும்புவதில் வியப்பில்லை. “தெரியாது. பாப்பா பொறந்ததும் டாக்டர் பார்ப்பார். கேட்டாலும் நம்ம பாப்பா, கேக்கலன்னாலும் நம்ம பாப்பா. மிஷின் வேணும்னா நீதான் போடக் கத்துக்கொடுக்கணும்” என்று சொல்லுங்கள், அது உண்மையான பதில். பிறவியிலோ சிறு வயதிலோ வரும் காது கேளாமைக்குக் காரணம் பல. மரபணு, கர்ப்பத்தில் வரும் ருபெல்லா போன்ற தொற்று, பிறந்ததும் வரும் கடுமையான மஞ்சள் காமாலை, பின்னால் வரும் மூளைக்காய்ச்சல். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மரபணுக் காரணங்களில் கனெக்சின் 26 என்ற புரதத்துக்குரிய மரபணு மாற்றம் உலகெங்கும் அதிகம் காணப்படுவது. தாயும் தகப்பனும் நன்றாகக் கேட்பவர்களாக இருந்தும் இருவரிடமும் அந்த மாற்றம் மறைந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் காது கேளாமல் பிறக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் ஒரே மாற்றம் இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவே; சொந்தம் இல்லாதவர்களுக்கும் இது நேர்கிறது. உங்கள் குடும்பத்தில் காரணம் இதுதானா என்பதை மரபணுப் பரிசோதனை செய்தால்தான் சொல்ல முடியும். அதற்குள் யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம், முக்கியமாக அவள் கண் முன்னால் வேண்டாம். இந்த வயதுக் குழந்தைகள், வீட்டில் பழிச்சொல் பறப்பதைப் பார்த்தால் தான் ஏதோ தப்பு செய்ததால் காது போயிற்று என்று முடிவு செய்துகொள்வார்கள். “யாரும் தப்பு பண்ணல, நீயும் பண்ணல” என்பதை அவள் கேட்கும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

குழந்தை பிறந்ததும் வீடு திரும்பும் முன்பே, உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.ஈ. பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தூங்கும் குழந்தையின் காதில் மெல்லிய முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை, சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் பெரா சோதனையோடு (ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மிஷினும் மொழிப் பயிற்சியும் தொடங்குவது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. உங்கள் மகளுக்கு மூன்று வயதில் தெரிந்ததைவிட இந்தக் குழந்தைக்கு வெகு முன்னதாகத் தெரிந்துவிடும். சோதனையில் எல்லாம் நன்றாக இருந்தால் அன்றைக்கு உங்கள் அத்தை “இதுக்காவது நல்லாருக்கே சாமி” என்று கையெடுத்துக் கும்பிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கும்பிடு உங்கள் மகளின் கண்ணில் படும், வார்த்தையைவிட முகத்தைப் படிப்பதில் அவள் தேர்ந்தவள். பொக்காபுரம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். வேண்டுதலை நிறைவேற்றுங்கள், அவளையும் கூட்டிப் போங்கள், காது வர வேண்டும் என்று அவளை நிறுத்தி வைத்து வேண்ட மட்டும் வேண்டாம். அம்மன் தன்னை மட்டும் கைவிட்டுவிட்டாள் என்று ஒரு குழந்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இதை அத்தையிடம் உங்கள் கணவர் சொன்னால் நன்றாக இருக்கும். மகன் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்விகளையும் அவள் கேட்பாள். “அக்காவுக்கு ஏன் கேக்குது, எனக்கு ஏன் கேக்கல?” என்று கேட்டால், “அம்மாவுக்குத் தெரியாது, டாக்டர்கிட்ட சேர்ந்து கேப்போம்” என்று சொல்லி அதை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அவளே கேட்கட்டும். காது சோதிக்க வந்த குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பெற்றோரைப் பார்த்தே பேசி முடிக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் நிறைய இருக்கிறது. அப்படி நடந்தால் தயங்காமல் குறுக்கிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குப் புரியும்படி மெதுவாகப் பதில் சொல்லுமாறு கேளுங்கள். அவள் பெயரில் போட்ட சீட்டு, அவள் காது, கேட்டதும் அவள்தான்.